சாப்பாட்டில் அடம் பிடிக்கும் குழந்தையோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு ஆறு வயது. நெய்யும் சர்க்கரையும் தொட்டு வெள்ளை இட்லி, முறுகலான தோசை, தாளிக்காத தயிர் சாதம், பருப்புப் பொடி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஒரே ஒரு வகை பிஸ்கட், வாழைப்பழம், ஹார்லிக்ஸ். அவள் சாப்பிடுவது இவ்வளவுதான். சாதத்தில் ஒரு கடுகு தெரிந்தால் விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். அப்புறம் அந்தச் சாதத்தையே தொடமாட்டாள்.

இவளை அழைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனோம். கூடவே என் மாமனார், மாமியார். ஐந்து நாள் பயணம், அதில் ஒரு முழு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்கா. முதல் இரவு ஒன்றைத் தவிர மற்ற எல்லா வேளையும் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதற்கு நாங்கள் செய்தவற்றையும், முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்கக்கூடியவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். இதே மாதிரி குழந்தை இருக்கும் எத்தனையோ வீடுகளில் "இவளை வைத்துக்கொண்டு எங்கே போவது" என்று பயணத்தையே தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட வேண்டியதில்லை. குழந்தையின் வயிற்றை முதலில் வைத்து, ரைடுகளை அதைச் சுற்றி அடுக்கினால் போதும்.

முதலில் வீட்டில் ஒரு முடிவு

பயணம் என்பது குழந்தைக்குப் புதுச் சாப்பாடு பழக்கும் இடம் இல்லை. இதைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது குழந்தைகளிடம் பரவலாக இருக்கும் இயல்பு. ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்து, முகர்ந்து, தொட்ட பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைப்பார்கள். ஐந்து நாளில் அது நடக்காது. அதுவும் புது ஊர், புதுக் கட்டில், 32 டிகிரி வெயில், ஓயாத இரைச்சல் எல்லாம் சேர்ந்திருக்கும்போது குழந்தை தெரிந்த சாப்பாட்டைத்தான் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

என் மாமியார் கிளம்பும் முன் சொன்னார், "ஏம்மா, ரெண்டு வேளை பட்டினி போட்டா தானா சாப்பிடுவா. எங்க காலத்துல இப்படியா கேட்டுக் கேட்டுப் போட்டோம்?" நான் சண்டைக்குப் போகவில்லை. "அத்தை, ஊருக்குத் திரும்பி வந்து நீங்க சொல்ற மாதிரி பாக்கலாம். அங்க போய் மட்டும் வேண்டாம். அழ ஆரம்பிச்சா நம்ம அஞ்சு பேருக்கும் அந்த நாள் போச்சு" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் இந்தப் பேச்சை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அங்கே சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தால் குழந்தை முன்னால் அது பஞ்சாயத்தாகிவிடும்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் சொன்ன ஒரு பிரிப்பு எனக்குப் பெரிய உதவி. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. தட்டில் அவளுக்குத் தெரிந்த ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு மேல் "இன்னும் ஒரு வாய்" என்று நான் துரத்துவதில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் எடை ஏறாமல் நிற்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது, முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறது என்றால் அதை அடம் என்று விட்டுவிடாதீர்கள். இப்படிப்பட்ட கடுமையான உணவுத் தவிர்ப்பை ஒரு தனிக் குறைபாடாக 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு வகைப்படுத்தியிருக்கிறது. டிக்கெட் போடும் முன் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு

ஒரு தாளை எடுத்துக் குழந்தை சாப்பிடுபவற்றை எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது, எந்த வடிவத்தில் என்பதையும் எழுத வேண்டும். "தோசை" என்று எழுதாமல் "முறுகல், முக்கோணமாக மடித்தது, மேலே எண்ணெய் மினுமினுப்பு இல்லாதது" என்று எழுதுங்கள். அடம் பிடிக்கும் குழந்தைக்கு வடிவம்தான் சாப்பாடு. எழுதி முடித்ததும் எதை ஊரிலிருந்து எடுத்துப்போகலாம், எது அங்கே கிடைக்கும், எது இரண்டும் முடியாது என்று பிரித்துவிடுங்கள்.

அதன் பிறகு ஒத்திகை. எங்கள் மகள் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுவாள். சிங்கப்பூரில் காகிதத் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, மரக் கரண்டி எல்லாம் வரும். அதனால் வாரம் இரண்டு நாள் அவளுடைய இட்லியைப் பார்சல் டப்பாவில் போட்டு மொட்டைமாடியில் வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் தட்டைக் கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. சாப்பாடு அதேதான், பாத்திரம் மட்டும் மாறியது. இந்தச் சின்னப் பழக்கம்தான் பயணத்தில் அதிகம் கைகொடுத்தது. எவர்சில்வர் தட்டு ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன், அறையில் சாப்பிடும்போது அவளுக்கு அது ஓர் ஆறுதல்.

அங்கே எளிதில் கிடைக்கும் ஒன்றிரண்டையும் இப்போதே வீட்டில் காட்டி வையுங்கள். உருளைக்கிழங்கு பிடிக்கும் குழந்தைக்கு ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் பெரும்பாலும் பிடிக்கும். பரோட்டா சாப்பிடும் குழந்தை என்றால் உங்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. சிங்கப்பூரில் பிராத்தா என்று கிடைப்பது நம் பரோட்டாவின் உறவுதான். "கோசோங்" என்று சொன்னால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராத்தா வரும். தொட்டுக்கொள்ளச் சர்க்கரை கேட்டால் தருவார்கள், அங்கே அப்படிச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எப்போது போவது, எங்கே தங்குவது

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல் பின்பாதியும் மே மாதத்தின் பெரும்பகுதியும் சிங்கப்பூரில் பள்ளி நடக்கும் நாட்கள். அவர்களுடைய அரையாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் பின்பாதி வரை போகும். ஆக, நம் கோடை விடுமுறையில் மே மூன்றாவது வாரத்துக்குள், செவ்வாய், புதன் போன்ற ஒரு வார நாளில் பூங்காவுக்குப் போனால் வரிசை குறைவு. மே 1, மே மாதத்தில் வரும் விசாக தினம் இரண்டும் அங்கே பொது விடுமுறை, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வரிசை குறைவு என்றால் பசியோடு நிற்கும் நேரமும் குறைவு.

தங்குமிடம் விஷயத்தில் என் கருத்து திடமானது. பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவுக்குள் அறை எடுக்காதீர்கள், லிட்டில் இந்தியாவிலோ ஃபேரர் பார்க்கிலோ எடுங்கள். பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது இட்லிக் கடை. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு நிலையங்களும் வடகிழக்கு ரயில் பாதையில் இருக்கின்றன. அங்கே ஏறினால் எங்கும் மாறாமல் நேராக ஹார்பர்ஃபிரண்ட் நிலையம். அதன் மேலேயே விவோசிட்டி கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற குட்டி ரயில், அதில் அடுத்த நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்ட். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சுழலும் உலக உருண்டை, பூங்கா வாசல்.

லிட்டில் இந்தியாவில் தமிழ்ச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947-இல் தொடங்கிய சிராங்கூன் சாலை கோமள விலாஸ் இரண்டும் அந்த ஊரின் பழைய சைவ உணவகங்கள். தேக்கா சந்தையில் காய்கறி, பழம் எல்லாம் கிடைக்கும். அங்கே விற்கும் பிசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் நம் ஏலக்கி அளவுக்கு இருக்கும், இனிப்பாகவும் இருக்கும். என் மகள் தோலைப் பார்த்தே "நம்ம பழம்" என்று வாங்கிக்கொண்டாள்.

பெட்டியில் என்ன

அவல்தான் முதலில். மெல்லிய அவல் ஒரு கிலோ. அடுப்பு வேண்டாம், நனைத்து ஐந்து நிமிடம் வைத்துத் தயிர், உப்பு சேர்த்தால் அவசரத்துக்குத் தயிர் சாதம். வீட்டில் முன்பே இரண்டு முறை கொடுத்துப் பழக்கி இருந்தால்தான் இது எடுபடும். பருப்புப் பொடி, சின்ன பாட்டிலில் நெய், சர்க்கரை, பொரித்த அப்பளம் காற்றுப் புகாத டப்பாவில், அவளுடைய பிஸ்கட் நாளுக்கு ஒரு பாக்கெட், ஹார்லிக்ஸ் சின்னப் பொட்டலங்கள், கொட்டை நீக்கிய பேரீச்சை. வெறும் சாதமும் பிஸ்கட்டுமாக நான்கு நாள் போனால் மலச்சிக்கல் வரும். அந்த வயிற்று வலியில் குழந்தை இன்னும் சாப்பிடாது, அதற்குத்தான் பேரீச்சை.

இறைச்சி சேர்ந்த எதையும் எடுத்துப்போகாதீர்கள். இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர சிங்கப்பூரில் அனுமதி இல்லை. சூயிங் கம்மும் கூடாது. விமானத்துக்குள் எடுத்துப்போகும் கைப்பையில் தயிர், நெய் எல்லாம் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். அவற்றைப் பெரிய பெட்டியில் போடுங்கள். சிங்கப்பூரில் சதுர மூன்று பின் பிளக்தான் பொருந்தும். கெட்டில் கொண்டுபோனால் அதற்கான அடாப்டரும் வேண்டும்.

பாலுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிடைக்கும் பாலின் வாசனை நம் ஆவின் பாலிலிருந்து வேறு. ஹோட்டல் கெட்டிலில் பால் காய்ச்சக் கூடாது, அடி பிடித்துக் கெட்டில் வீணாகிவிடும். ஒரு குவளையில் பாலை ஊற்றி, அதைக் கொதிநீர் ஊற்றிய பெரிய கிண்ணத்துக்குள் பத்து நிமிடம் வைத்தால் போதுமான சூடு வரும். வழக்கமான ஹார்லிக்ஸ் சேர்ந்ததும் வாசனை மறைந்துவிடும்.

வயிற்றின் கடிகாரம்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். இதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளலாம், குழந்தையின் வயிறு மாறாது. அங்கே காலை 8 மணிக்கு ஹோட்டலில் தட்டு நிறைய வைத்து "சாப்பிடு" என்றால், அவள் வயிற்றுக்கு அது விடியற்காலை ஐந்தரை மணி. பசிக்காத குழந்தையை அடம் பிடிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்புறம் பத்தரை மணிக்கு, பூங்காவுக்குள் நுழைந்து முதல் வரிசையில் நிற்கும்போது, அவளுக்கு நிஜமாகவே பசிக்க ஆரம்பிக்கும்.

நான் அவளுடைய பள்ளி மணியை எடுத்து வைத்துக்கொண்டேன். பள்ளி நாட்களில் காலை 7.30-க்கு இட்லி. 10.40-க்கு இடைவேளை பிஸ்கட். 12.20-க்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் பால். இதோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் அவளுக்குப் பசிக்கும் நேரங்கள் வந்துவிடும்: காலை 10, மதியம் 1.10, பின் மதியம் 2.50, இரவு 7.30. நாளாக நாளாக இது மெல்ல உள்ளூர் நேரத்துக்கு நகரும். ஆனால் எங்கள் மகளுக்கு முழுதாகச் சரியாக நான்கு நாள் ஆனது. நீங்களும் உங்கள் வீட்டு மணியை இப்படிக் கூட்டி, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பூங்காவில் எல்லோரும் 12 மணியிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் நம் குழந்தைக்குச் சாப்பாட்டுப் பசி இல்லை, சின்னத் தீனி போதும். ரைடு வரிசைகள் கொஞ்சம் தளரும் அந்த நேரத்தை ரைடுகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதல் இரவு

இங்கேதான் எனக்குத் தவறியது. இரவு போய் இறங்கினோம். பசியோடு லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். தயிர் சாதம் என்று பட்டியலில் பார்த்ததும் நிம்மதியாகி அதைச் சொல்லிவிட்டேன். தட்டு வந்தது. மேலே மாதுளை முத்து, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, இரண்டாக வெட்டிய பச்சைத் திராட்சை, நடுவில் கடுகும் இஞ்சியும் மிதக்கும் தாளிப்பு. எனக்கு அழகான தயிர் சாதம். அவள் கரண்டியை எடுத்து, ஒரு மாதுளை முத்தை ஒதுக்கினாள். இன்னொன்றை ஒதுக்கினாள். அடியிலும் முத்து இருந்தது. கரண்டியை மெதுவாகத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு என் மடியில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அறையில் பிஸ்கட்டும் ஹார்லிக்ஸும்தான்.

மறுநாளிலிருந்து இப்படிக் கேட்டேன்: "அண்ணே, வெறும் வெள்ளைச் சாதம் ஒரு கப், வெறும் தயிர் ஒரு கப். கலக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், மேல எதுவும் தூவ வேண்டாம். குழந்தைக்கு." உடனே புரிந்துகொண்டார்கள். அந்த ஊரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியா உணவகங்களில் பரிமாறுகிறவர்கள் பலர் நம் ஊர்க்காரர்கள்தான். தமிழிலேயே நிதானமாக விளக்கிச் சொல்லுங்கள். "தயிர் சாதம்", "தோசை" என்று பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தோசை என்றால் "நெய் வேண்டாம், கூம்பு மாதிரி நிறுத்த வேண்டாம், சும்மா மடிச்சு" என்று நான் சொல்லவேண்டி இருந்தது.

அதனால் முதல் இரவு பரிசோதனை எதுவும் வேண்டாம். இறங்கியதும் தயிர் ஒரு டப்பாவும் பாலும் வாங்கி அறைக்குப் போய், பெட்டியிலிருக்கும் அவலைக் கலந்து கொடுத்துத் தூங்க வையுங்கள். தயிர் வாங்கும்போது இந்திய மளிகைக் கடைகளில் விற்கும் தயிராகப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட் யோகர்ட்டில் பல இனிப்புச் சேர்த்தவை, கெட்டியும் புளிப்பும் வேறு மாதிரி இருக்கும். வந்து சேர்ந்த மறுநாளே பூங்காவுக்கும் போகாதீர்கள். ஒரு நாள் ஊரைச் சுற்றி, எந்தக் கடை இட்லி அவளுக்குச் சரிப்படுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கடுத்த நாள் போங்கள்.

பூங்கா நாள்

காலை 8 மணிக்கு எழுந்ததும் அரை டம்ளர் ஹார்லிக்ஸ். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எங்களுக்குச் சரிப்பட்ட கடையில் நாங்கள் பெரியவர்கள் சாப்பிட்டோம், அவளுக்கு நான்கு இட்லி பார்சல். ரயிலில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். சிங்கப்பூர் ரயில்களிலும் நிலையங்களிலும் சாப்பிடுவதும் குடிப்பதும் தடை, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். தண்ணீர் குடிப்பதும் அதில் சேரும். ரயில் ஏறும் முன்பே குடிக்க வைத்துவிடுங்கள்.

பூங்கா பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். போகும் நாளின் நேரத்தை அவர்கள் இணையதள நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் 9.30-க்கே போய், வாசலுக்கு வெளியே ஓரமாக உட்கார்ந்து, அவளுக்கு இட்லியை நெய்யும் சர்க்கரையும் தொட்டுக் கொடுத்தோம். அவள் வயிற்றில் அப்போது காலை ஏழு மணி. மூன்று இட்லி இறங்கியது. வயிறு நிறைந்த குழந்தையோடு பத்து மணிக்கு உள்ளே போனோம்.

பூங்கா ஒரு ஏரியைச் சுற்றிய வட்டம். ஹாலிவுட் பகுதியில் நுழைகிறோம். அங்கிருந்து நியூயார்க், சை-ஃபை சிட்டி, பழங்கால எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, மடகாஸ்கர் என்ற பகுதி இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் என்று சுற்றி மறுபடியும் ஹாலிவுட். குழந்தையை வீட்டிலேயே அளந்து பார்த்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. உயரம் வேண்டும், ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மி ரைடுக்கு 122, இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. வரிசையின் முனை வரை போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த ஏமாற்றம் அடுத்த வேளைச் சாப்பாட்டில் தெரியும்.

குலுக்கும் ரைடுகளைச் சாப்பாட்டுக்கு முன், அசையாத காட்சிகளைச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் பகுதியில் இருக்கும் செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ரைடு ஏசி கட்டடத்துக்குள் மெதுவாகப் போவது, சாப்பிட்டு முடித்த குழந்தைக்கு ஏற்றது. பூமியின் ஸ்பகெட்டியை எல்லாம் ஒருவன் திருடிக்கொண்டு போக, எல்மோ என்ற பொம்மை துரத்தும் கதை. என் மகள் வெளியே வந்து, "அவன் அப்பளத்தைத் திருடலையே?" என்று கேட்டாள்.

இப்போது முக்கியமான விதி. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. அடம் பிடிக்கும் குழந்தை என்பது அந்தக் கணக்கில் வராது. பை சோதனையில் நின்று வாதாடுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: அதே நாளில் வெளியே போய்த் திரும்பி வரலாம். வெளியேறும்போது கையில் முத்திரை குத்துவார்கள், டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முத்திரையை அழித்துவிடலாம், படகு ரைடில் நனையும் திட்டம் இருந்தால் அதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது என் மாமியாரும் மாமனாரும்தான். அவர்கள் ரைடு எதிலும் ஏற மாட்டார்கள், அதனால் அவர்களுக்குப் பூங்கா டிக்கெட் எடுக்கவில்லை. காலையில் லிட்டில் இந்தியாவில் கோவிலுக்குப் போய்விட்டு, மதியம் வெள்ளைச் சாதமும் தயிரும் தனித்தனியாகப் பார்சல் வாங்கிக்கொண்டு நேர் ரயிலில் வந்தார்கள். ரயில் அறிவிப்பு தமிழிலும் வருகிறது, வழி தவறவில்லை. பிற்பகல் 2.45-க்கு உலக உருண்டைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, அத்தை டப்பாவில் சாதத்தைக் கையாலேயே மசித்துத் தயிர் விட்டுப் பிசைந்து, "ஒரு கடுகு கூட இல்ல பாரு" என்று அவளிடம் காட்டினார். அவள் குனிந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். டப்பா காலி.

பாட்டி தாத்தா கூட வராத குடும்பங்கள் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, ஒரே நிறுத்தம் தள்ளியிருக்கும் விவோசிட்டிக்குப் போகலாம். போகவர, சாப்பிட ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெயில் உச்சத்தில் ஏசிக்குள் உட்கார்ந்து வந்தால் குழந்தைக்கும் தெம்பு திரும்பும். உள்ளேயே முடித்துக்கொள்ள விரும்பினால், பழங்கால எகிப்தில் இருக்கும் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபே இந்திய உணவு தரும் இடம். வெறும் சாதம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். நியூயார்க் பகுதியில் பீட்சா, ஹாலிவுட்டில் பர்கரும் ஃபிரைஸும். சைவக் குடும்பம் என்றால் ஃபிரைஸ் பொரிக்கும் எண்ணெயில் கோழியும் பொரிக்கிறார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். வெளியே சீனக் கடைகளில் "வெஜிடேரியன்" என்ற பெயரில் கறி போலவே தோற்றமளிக்கும் சோயாப் பண்டங்கள் வரும். அவை சைவம்தான், ஆனால் குழந்தை மிரளலாம்.

இடையில் 1.10 மணி இடைவேளைக்கு உள்ளே விற்கும் பாப்கார்ன், பழம் இப்படி ஏதாவது எளிமையாக. தண்ணீரை மட்டும் அரைமணிக்கு ஒரு முறை நீங்களே நீட்டுங்கள். அந்தப் புழுக்கத்தில் குழந்தை தாகத்தைச் சொல்லத் தெரியாமல் சிணுங்கும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், காலி பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு நிரப்பிக்கொள்ளலாம்.

ஐஸ்கிரீமைச் சாப்பாட்டுக்கு லஞ்சமாக வைக்காதீர்கள். "இதைச் சாப்பிட்டால் அது" என்று ஆரம்பித்தால் அன்று முழுக்கப் பேரம்தான். "சாயங்காலம் மினியன் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் உண்டு" என்று காலையிலேயே சொல்லிவிட்டோம். மதியம் எவ்வளவு சாப்பிட்டாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கேட்காமலேயே காத்திருந்தாள்.

பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் உணவகத்துக்குள் புகுவார்கள். அந்தக் கூட்டத்தில் போய் உணவு வாங்க நிற்காமல் ஏதாவது உள்ளரங்கக் காட்சிக்குப் போய்விடுங்கள்.

இரவு 7.30-க்கு அவளுக்குப் பால் நேரம், சாப்பாட்டு நேரமில்லை. அதனால் திரும்பும் வழியில் எங்கும் உட்காராமல் லிட்டில் இந்தியா வந்து, குளித்து, 9.30 வாக்கில் தோசை. ஊரில் அப்போது ஏழு மணி. இரண்டரை தோசை சாப்பிட்டாள்.

திரும்பும் நாள்

மூன்றாம் நாள் காலை அவள் அப்பா பிராத்தாவைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கைதட்டவும் இல்லை. உங்கள் குழந்தை அப்படி ஒன்றை எடுத்தால் நீங்களும் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். கொண்டாடினால் அடுத்த முறை அது பரீட்சையாகிவிடும். ஊருக்கு வந்து என்றைக்காவது அதே மாதிரி பரோட்டாவையும் சர்க்கரையையும் மேஜையில் வைத்துப் பாருங்கள்.

விமானச் சாப்பாட்டை நம்பாதீர்கள். குழந்தைகளுக்கான தனி உணவை முன்பதிவு செய்ய வழியிருந்தால் செய்யுங்கள், ஆனால் இட்லி ஒரு டப்பா கைப்பையில் இருக்கட்டும். கிளம்பும் முன்பே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, நீங்கள் வந்து சேரும் நாளில் ஒரு பாக்கெட் தோசை மாவு வாங்கித் தன் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது நடுநிசி. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கல்லைத்தான் அடுப்பில் வைத்தேன். அவள் அடுக்களை வாசலில் தன் எவர்சில்வர் தட்டோடு நின்றாள்.